திருநீறு போட்டு மினுக்கிய நாணயம்

கதவுத் துவாரத்தால் விழுகிற கடிதங்களைப் பொறுக்கி எடுப்பது அம்மாவின் வேலை. உடைத்து வாசிப்பது என்னுடைய வேலை. அப்போது எனக்குப் பத்து வயது. லண்டனில் மிச்சம் என்ற இடத்தில், ஒரு கோழிப்பொரியல் கடைக்கு மேலே இருந்த சின்ன வீட்டில் குடியிருந்தோம். கவுன்சில் கடிதம், கரண்ட் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் அடுப்படி மேசையில் எனக்காகக் காத்திருக்கும். பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றி, கை கழுவி, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைப்பேன். அம்மா எதிரில் நின்றபடியே கேட்பார். இருக்கச் சொன்னாலும் இருக்கமாட்டார்.

அம்மாவும் அவருடைய தம்பியான என் மாமாவும் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாட்கள்தான். அவர்களுடைய குடும்பம் இடம்பெயர்ந்துகொண்டே இருந்த குடும்பம். ஒரு வகுப்பில் பெயர் பதிவதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். பேக்கரியில் வேலை செய்த அப்பாவின் கதையும் அதேதான். மூன்று பேரும் தமிழ்ப் பத்திரிகையை விரலால் தொட்டுத் தொட்டு வாசிப்பார்கள். ஆங்கிலம் என்று வந்தால் வீட்டில் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. இறங்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

மாமிக்கு விசா இல்லை என்று வந்த கடிதத்தையும் நான்தான் வாசித்தேன். கல்யாணம் முடித்த ஆறாம் மாதம் மாமா நாட்டை விட்டு வெளிக்கிட்டவர். ஜெர்மனியில் ஏழு வருடம் கோப்பை கழுவி, அங்கே சரிவராமல் லண்டனுக்கு வந்து, ஸ்ட்ரெதமில் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் வேலைக்கு நின்றார். எங்கள் வீட்டின் மிகச் சின்ன அறை அவருடையது. கட்டிலைப் போட்டபின் கதவு பாதிதான் திறக்கும். மாமி கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி விசாவுக்காகக் காத்திருந்தார். அவரை நான் ஒரு கல்யாணப் படத்திலும் போன் கார்ட் குரலிலும் மட்டுமே அறிவேன்.

அந்தக் கடிதத்தில் நீளமான சொற்கள் நிறைய இருந்தன. ஒன்றிலும் தடக்காமல், வகுப்பில் எழுந்து நின்று வாசிப்பதுபோல ஏற்ற இறக்கத்துடன் வாசித்தேன். பிறகு தமிழில் சுருக்கிச் சொன்னேன். இவர்கள் உண்மையாகவே புருஷன் பெண்சாதிதானா என்பதில் அதிகாரிக்குத் திருப்தி இல்லையாம். மாமா கொஞ்ச நேரம் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வடிவா வாசிக்கிறாய் பிள்ளை” என்றார்.

நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மேல்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தின் கடைசியில் போட்டிருந்தது. அதற்கு நாளும் குறித்திருந்தார்கள். லோயர் கேட்ட காசு மாமாவின் கையில் இல்லை. கேட்கக்கூடிய எல்லாரிடமும் முன்பே கேட்டாயிற்று. அன்று பின்னேரம்தான் அவர் தன் அறைக்குள் போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே காலுறைக்குள் சுற்றியபடி ஒரு நாணயம் இருந்தது.

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தையில், ஒரு தகரப் பேணி நிறையக் கிடந்த சில்லறைகளோடு சேர்த்து வாங்கியதாம். அடிப்பிடித்த சட்டிபோலக் கறுத்திருந்தது. ஒரு பக்கம் சுருள்முடிப் பெண். மறுபக்கம் நெஞ்சில் கேடயம் தாங்கிய கழுகு. விளிம்பைச் சுற்றிலும் எழுத்துகள் ஓடின. நான் எழுத்துக்கூட்டி வாசித்து, அமெரிக்காவின் அரை டொலர் என்று அறிவித்தேன். மாமாவுக்கு அது முன்பே தெரியும். இருந்தாலும் “அப்பிடியோ?” என்றார்.

பெண்ணின் கழுத்துக்குக் கீழே 1806 என்று இருந்தது. மாமா ஒரு பூதக்கண்ணாடியை என் கண்ணுக்கும் நாணயத்துக்கும் நடுவில் பிடித்தார். கடைசி ஆறுக்கு அடியிலிருந்து இன்னொரு இலக்கத்தின் வளைவு, பாயின் கீழே ஒளித்த பூனைக்குட்டியின் வால் மாதிரி, கொஞ்சமாக வெளியே தெரிந்தது.

“அந்தக் காலத்திலை எல்லாம் கைவேலை. அச்சிலை ஒவ்வொரு இலக்கமா வைச்சுச் சுத்தியலாலை அடிக்கிறது. ஒருத்தன் ஆறைத் தலைகீழா வைச்சு அடிச்சுப்போட்டான். பாத்தால் ஒன்பது மாதிரி நிக்குது. உருக்கு அச்சை எறிய மனமில்லை. அதுக்கு மேலையே நேரா இன்னொண்டை அடிச்சுவிட்டிட்டான்.”

கூடக் கோப்பை கழுவிய ஒரு போலந்துக்காரன் நாணயம் சேர்க்கிறவன். அவன் சொல்லித்தான் இது மாமாவுக்குத் தெரியும். அந்த அச்சில் அடித்த எல்லா நாணயத்திலும் அந்தப் பிழை விழுந்ததாம். அதைத் தேடி வாங்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம்.

அம்மா நம்பவில்லை. “பிழையான நாணயக் குத்தியை ஆரடா காசு குடுத்து வாங்குவான்? கடையிலை நெளிஞ்ச ரின்மீனைக்கூட அரை விலைக்குத்தான் குடுக்கினம்.”

“அக்கா, உதிலை பிழைக்குத்தான் விலை.”

“உன்ரை தலையிலை ஆரோ நல்லா மிளகாய் அரைச்சிருக்கிறாங்கள்.”

மாமா சிரித்தார். “நான் ரெண்டாம் வகுப்பிலை ஆறைத் தலைகீழா எழுதினதுக்கு வாத்தியார் குட்டினவர். தலை வீங்கிப்போச்சு. அமெரிக்கன் அதே பிழையை விட்டிருக்கிறான், இருநூறு வருஷமா அவன்ரையைப் பூதக்கண்ணாடி வைச்சுப் பாக்கிறாங்கள்.”

மாமா பகிடி விட்டுச் சிரித்ததை நான் பார்த்த கடைசி நாட்களில் அதுவும் ஒன்று.

லண்டன் நடுவில் இருந்த ஒரு நாணய வியாபாரியின் முகவரியை யாரோ மாமாவுக்குக் கொடுத்திருந்தார்கள். அவருக்குக் கடிதம் எழுதியதும் நான்தான். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தபடி வலது மூலையில் எங்கள் முகவரி, இடது பக்கம் அவருடைய முகவரி, நடுவில் வெள்ளிக்கிழமைக் காலைக் கூட்டத்தில் பேசுவதுபோலச் சில வசனங்கள். பெட்ரோல் ஸ்டேஷனில் கூட வேலை செய்த அண்ணையின் டிஜிட்டல் கமராவில் எடுத்த படங்களையும் வைத்து அனுப்பினோம்.

பத்து நாளில் பதில் வந்தது. தடித்த, பாலாடை நிறத் தாள். மைப் பேனாவால் எழுதியிருந்தார். மாமா வேலை உடுப்போடு என் பின்னால் நின்று, என் விரல் போகும் இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்தால் நீங்கள் சொன்ன வகைதான் போலிருக்கிறது, நல்ல நிலையிலும் இருக்கிறது, நேரில் பார்க்க மிகவும் விரும்புகிறேன், சனிக்கிழமை பதினொரு மணிக்கு வரமுடியுமா. நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லச் சொல்ல மாமாவின் மூச்சு என் தலைமுடியில் பட்டது.

அதன்பிறகு இரண்டு வரி வந்தது. அதில் எனக்குத் தெரியாத சொற்கள் இருந்தன. ஒன்றை வாயால் சொல்லவும் வரவில்லை. அகராதி அறைக்குள் இருந்தது. எழுந்து போய் எடுத்திருக்கலாம். தெரியாது என்றும் சொல்லியிருக்கலாம். அந்த மேசையில் இருந்துகொண்டு தெரியாது என்ற சொல்லை நான் அதுவரை சொன்னதே இல்லை. விரலை இரண்டு வரி கீழே இறக்கிவிட்டேன்.

“என்ன பிள்ளை, நடுவிலை பாய்ஞ்சிட்டாய்?” என்று மாமா கேட்டார்.

“அது எல்லாக் கடிதத்திலையும் போடுறது மாமா. நலம், நலமறிய ஆவல் மாதிரி.”

“ஓ” என்றார் மாமா. “அவையளும் அப்பிடிப் போடுவினமோ?”

சனிக்கிழமைக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா சாமித்தட்டுச் சாமான்களை எல்லாம் இறக்கித் துலக்குவார். பித்தளைக்குப் புளி. வெள்ளிக்குத் திருநீறு. அரைத்தவணை விடுமுறை என்பதால் நானும் பக்கத்தில் இருந்தேன். மாமா வேலைக்குப் போயிருந்தார். சின்ன வெள்ளிச் செம்பும் குங்குமச் சிமிழும் வெள்ளையாக எழும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த யோசனை வந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

“ஓமடி, நல்ல வேலை” என்றார் அம்மா. “இப்பிடிக் கரிப்பிடிச்சதைக் கொண்டுபோனால் வெள்ளைக்காரன் என்ன நினைப்பான்? குப்பையிலை பொறுக்கினது எண்டு நினைப்பான். விக்கப்போற சாமானை இப்பிடியோ கொண்டுபோறது?”

ஈரத் துணியில் திருநீற்றை அள்ளி வைத்துத் தேய்த்தேன். துணி கறுப்பானது. சுருள்முடிப் பெண்ணின் கன்னம் முதலில் வெளியே வந்தது, பிறகு கழுத்து. கழுகின் இறகுகளுக்குள் கறுப்பு விடவில்லை. பழைய பல்துலக்கியும் பற்பசையும் கொண்டுவந்து அதையும் எடுத்தேன். அந்தக் கடைசி ஆறைச் சுற்றித்தான் கூடுதலாகத் தேய்த்தேன், பிழை எல்லாருக்கும் வடிவாகத் தெரியட்டும் என்று. கை நோக நோகத் தேய்த்து, தண்ணீரில் அலசித் துடைத்தபோது, யன்னல் வெளிச்சம் அதில் பட்டு அடுப்படிக் கூரையில் ஒரு வட்டம் ஆடியது. அம்மா கை தட்டினார்.

மாமா பின்னேரம் வந்து பார்த்தார். பிறகு உள்ளங்கையில் வைத்து, மறு கையால் மூடி, மெதுவாகத் திறந்து பார்த்தார்.

“நேற்று அடிச்ச குத்தி மாதிரி இருக்கு. ஆர் செய்தது?”

“நான்தான்.”

“என்ரை பிள்ளை” என்றார். அன்றிரவு அந்த நாணயம் பிள்ளையார் படத்துக்கு முன்னால் இருந்தது. மாமா கொழும்புக்குப் போன் எடுத்து, நாளைக்கு ஒரு நல்ல செய்தி சொல்லுகிறேன் என்று மாமிக்குச் சொன்னார். போனை எனக்கும் தந்தார். “நீதானாம் எல்லாம் செய்யிறாய்” என்றார் மாமி. குரல் தூரத்திலிருந்து வந்தது. “வந்தவுடனை உனக்குத் தலை பின்னிவிடுறன்.”

வழக்கமாக மாமா எங்கே போனாலும் மொழிபெயர்க்க நான் கூடப் போவேன். அந்தச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி. நான் போட்டிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன். மாமா விடவில்லை. அந்த மனிதர் எழுதிய கடிதத்தைக் காட்டினால் போதும், அவருக்கு விளங்கும் என்றார். இருந்ததில் நல்ல சேர்ட்டைப் போட்டு, நாணயத்தையும் கடிதத்தையும் நெஞ்சுப் பையில் வைத்து, திருநீறு பூசிக்கொண்டு புறப்பட்டார். பஸ் தரிப்பில் நின்று எங்கள் யன்னலைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

போட்டியில் எனக்கு முதலாம் பரிசு. வெற்றிக் கப்பைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடி ஏறினேன். மாமா அடுப்படிக் கதிரையில், சப்பாத்துக்கூடக் கழற்றாமல் இருந்தார். அம்மா பானைக்கு முன்னால் திரும்பி நின்றார். நாணயம் மேசையில் மினுங்கிக்கொண்டு கிடந்தது.

மாமா கப்பை வாங்கி, அதில் எழுதியிருந்ததை விரலால் தடவிப் பார்த்தார். என் பெயரைக் கண்டுபிடித்தார்.

“மாமா, உங்கடை என்னாச்சு?”

“அது கள்ளக் குத்தியாம் பிள்ளை” என்றார். “ஆரோ பிறகு செய்து விட்டதாம்.”

நான் யோசித்தேன். நாணயத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பிறகு சொன்னேன். இன்றைக்கும் அந்த வசனம் ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது.

“நான் அப்பவே நினைச்சனான் மாமா. இருநூறு வருஷத்துக் குத்தி இப்பிடி மினுங்குமோ?”

அம்மா சடாரென்று திரும்பினார். மாமா கையை லேசாக உயர்த்தி அவரை நிறுத்தினார்.

“ஓம்” என்றார் என்னிடம். “நீ கெட்டிக்காரி. எனக்குத்தான் அது விளங்கேல்லை.”

எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இத்தனை வருடமாக ஒரு கள்ள நாணயத்தைக் காலுறைக்குள் வைத்துக் காத்த மனிதரை நினைக்க வெட்கமாக இருந்தது. படித்திருந்தால் ஏமாந்திருக்கமாட்டார் என்று நினைத்தேன்.

சாப்பிட்ட பிறகு மாமா என்னைக் கூப்பிட்டார். நெஞ்சுப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். அது நடுவில் மடித்திருந்தது. மடிப்பை விரிக்காமல், மேல் பாதியை மட்டும் என் முன்னால் வைத்தார்.

“இதை இன்னொருக்கா வாசிச்சுக் காட்டு பிள்ளை.”

எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. வாசித்தேன். உங்கள் கடிதத்துக்கு நன்றி, படத்தைப் பார்த்தால் நீங்கள் சொன்ன வகைதான் போலிருக்கிறது, நல்ல நிலையில் இருக்கிறது, சனிக்கிழமை வரமுடியுமா. மாமா கடிதத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி முடிந்ததும் மடிப்பைத் திறக்கக் கையைக் கொண்டுபோனேன். மாமா அதன்மேல் தன் கையை வைத்தார்.

“காணும் பிள்ளை” என்றார். “போய்ப் படு.”

மேல்முறையீட்டு நாள் வந்து போனது. லொட்ஜில் தனியாக எவ்வளவு காலம்தான் இருப்பது. அப்போது சண்டை ஓய்ந்து வன்னிக்குப் போகும் பாதை திறந்திருந்தது, மாமி வன்னியில் இருந்த தாயிடம் போனார். அடுத்த வருடம் சண்டை மறுபடி தொடங்க, பாதையைப் பூட்டினார்கள். சில காலம் யாரோ வழியாகச் செய்தி வந்தது, பிறகு அதுவும் வரவில்லை. அதற்கு மேல் என்ன நடந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை. ஒவ்வொரு வருடமும், போர் முடிந்த மே மாதத்தில் ஒரு கிழமை முழுவதும் மாமா வேலைக்குப் போவதில்லை. விம்பிள்டன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து கதவை மூடிக்கொண்டு படுத்திருப்பார்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகும் எல்லாக் கடிதங்களையும் என்னிடமேதான் தந்தார். வங்கிக் கடிதம், வேலைக் கடிதம், ஒருமுறை செஞ்சிலுவைச் சங்கத்தில் இருந்து வந்த கடிதம். அம்மா சில நேரம் வேறு யாரிடமாவது காட்டலாமே என்பதுபோலப் பார்ப்பார். மாமா, “பிள்ளை வரட்டும்” என்பார். நான் தெரியாத சொல்லுக்கு அகராதி எடுக்கத் தொடங்கியது எந்த வயதில் என்று நினைவில்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய அன்று மாமா அந்தப் பழைய சேர்ட்டைத்தான் போட்டுக்கொண்டு வந்தார்.

போன வருடம் வேறு வீட்டுக்கு மாறினோம். மாமா வேலையில் இருந்தார். அவருடைய அறைச் சாமான்களை நான்தான் கட்டினேன். கட்டிலுக்கு அடியில் அந்தப் பிஸ்கட் டின் இருந்தது. கல்யாணப் படம், தீர்ந்துபோன போன் கார்ட்டுகள், காலுறைக்குள் நாணயம். மெல்லிய பழுப்பு மறுபடியும் அதில் ஏறத் தொடங்கியிருந்தது. அடியில் பாலாடை நிறத் தாள், நடுவில் மடித்தபடி.

விரித்து வாசித்தேன். இப்போது அதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றும் இல்லை. நாணயத்தின்மேல் காலம் படிய வைத்த அந்தக் கறுப்பு நிறம்தான் அதன் மதிப்பு. தயவுசெய்து எந்தக் காரணத்துக்காகவும் அதைத் துடைக்கவோ மினுக்கவோ வேண்டாம். அப்படிச் செய்தால் சேர்ப்பவர்கள் யாரும் அதைத் தொடமாட்டார்கள். அந்த இரண்டு வரிகளுக்கும் கீழே பென்சிலால் அழுத்திக் கோடு கீறியிருந்தது. ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு விளங்கவைக்க, அந்த வியாபாரி கோட்டைக் கீறி, நாணயத்தைக் காட்டி, தலையை ஆட்டியிருக்க வேண்டும். தாளின் அடியில் அதே பென்சிலால் ஒரு சிறிய தொகை எழுதியிருந்தது. லோயர் கேட்டதில் அது கால்வாசிகூட இல்லை.

கள்ள நாணயத்துக்கு யாரும் விலை எழுதுவதில்லை.

என் விரல் எந்த இடத்தில் பாய்ந்தது என்று மாமா பார்த்துக்கொண்டு நின்றவர். எந்த இரண்டு வரிகள் என்று அறிய அவருக்கு வாசிக்கத் தெரிந்திருக்கத் தேவையில்லை. அன்றிரவு என் முகத்தைப் பார்த்தபடி அவர் தெரிந்துகொள்ள நினைத்தது, அந்த வரிகளை நான் விளங்கித்தான் தாண்டினேனா என்பதாக இருக்கலாம் என்று, தரையில் உட்கார்ந்து அந்தத் தாளை மறுபடி மடிக்கும்போதுதான் யோசித்தேன்.

மாமா களைத்துப்போனார், அதனால்தான் போதும் என்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். மீதியையும் பிழையில்லாமல் வாசித்துக் காட்ட விடவில்லையே என்று குறையோடு போய்ப் படுத்தேன். மடிப்புக்குக் கீழே முதலில் வருவது கோடு கீறிய அந்த இரண்டு வரிகள்தான்.